உலகம் சுற்றக் கிளம்பும் மகளுக்கு, குன்னூரிலிருந்து

குன்னூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சௌக்கியம். சம்பளமில்லா லீவு போட்டு நீயும் மாப்பிள்ளையும் உலகம் சுற்றக் கிளம்புகிறீர்கள் என்று கேட்டதிலிருந்து, நாங்கள் போய்வந்தபோது எழுதிவைத்த கணக்கு நோட்டுகளை அப்பா எடுத்து மேஜைமேல் அடுக்கிவிட்டார். எவ்வளவு ஆகும், எதில் மிச்சம் பிடிக்கலாம் என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

நோட்டைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நீண்ட பயணத்தில் சாப்பாட்டுக்கும் அறைக்கும் ஆகிற செலவு கட்டுக்குள் நிற்கிறது. ஊர் மாறுகிற நாளில்தான் பணம் கரைகிறது. எல்லை தாண்டுகிற நாளில் இன்னும் வேகமாகக் கரைகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார். இரண்டு பேருக்கும் சேர்த்து நாளுக்கு அறை 1,500 ரூபாய், சமைத்துச் சாப்பிட 600, ஊருக்குள் பஸ்ஸுக்கு 200 என்று வை. 2,300 ஆகிறது. ஊர் மாறும் நாளில் பஸ் டிக்கெட் 3,000, இரண்டு பக்கமும் டாக்ஸி 1,000, அடுப்பு இல்லாததால் கடைச் சாப்பாடு 1,200, போய்ச் சேர்ந்த இடத்தில் அறை 1,500, மொத்தம் 6,700. மூன்று நாளைக்கு ஓர் ஊர் என்று ஓடினால் மாதத்தில் பத்து தடவை மாற வேண்டும், 1,13,000 ரூபாய் ஆகும். பத்து நாளைக்கு ஓர் ஊர் என்று வைத்தால் 82,200 தான். ஒரே அறை, ஒரே சாப்பாடு, மாதம் 30,800 ரூபாய் மிச்சம். வாரக் கணக்கில் எடுத்தால் அறைக்காரர்கள் குறைத்துத் தருவது இதில் சேரவில்லை. ஒவ்வொரு ஊரிலும் வாங்கி, பாதிகூடத் தீராமல் விட்டுவிட்டு வருகிற எண்ணெய், உப்பு, அரிசியும் சேரவில்லை. பட்ஜெட் தாங்கவில்லை என்று தோன்றினால் சாப்பாட்டில் கை வைக்காதே. பட்டியலில் இருந்து ஓர் ஊரை அடித்துவிடு.

இரண்டாவது விஷயம் நம் பாஸ்போர்ட். உலகத்தைச் சுற்றி ஒரே வட்டமாகப் போய்வர வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடு என்றுதான் சொல்லுவேன். விமானக் கூட்டணிகள் விற்கிற உலகச் சுற்று டிக்கெட்டில் ஒரே திசையில் ஒரு வருஷத்துக்குள் சுற்றி முடிக்க வேண்டும். ஐரோப்பியர்களுக்கு அது சரிப்பட்டு வரும். நமக்கு நடுவில் ஒரு விசா தள்ளிப்போனால் மொத்தமும் குலையும். அதோடு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவைப் பொதுவாக நாம் குடியிருக்கும் நாட்டிலிருந்துதான் கேட்க முடியும். சுற்றுலாப் பயணியாகப் போன இடத்தில் உட்கார்ந்துகொண்டு விண்ணப்பித்தால் வாங்கமாட்டார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்கவும் முடியாது. ஆகவே மூன்று சுற்றாகப் பிரி, நடுவில் இரண்டு தடவை வீட்டுக்கு வா. வீட்டுக்கு வருகிற டிக்கெட் வீண் செலவு போலத் தெரியும். வந்து இருக்கும் நாட்களில் விசா, பல் டாக்டர், துணி மாற்றுவது, பாலிசி புதுப்பிப்பது எல்லாம் முடிந்துவிடும். அறை வாடகையும் கிடையாது.

முதல் சுற்று நவம்பர் கடைசியில் தென்கிழக்கு ஆசியா. அக்டோபர், நவம்பரில் வியட்நாமின் நடுப்பகுதியில், ஹுவே, ஹோய் ஆன் பக்கம் வெள்ளம் வரும், அதனால் அங்கே ஜனவரிக்கு மேல் போ. வடக்குத் தாய்லாந்திலும் லாவோஸிலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டையும் வயலையும் எரிப்பதால் புகை சூழ்ந்துவிடும், மாப்பிள்ளையின் மூச்சுக்கு ஆகாது. அதை டிசம்பரிலேயே முடித்துவிடு. வியட்நாம் இ-விசா 90 நாள் வரை தருகிறது, ஒரு முறை நுழைய 25 டாலர், பலமுறைக்கு 50. மலேசியா 2026 கடைசி வரை 30 நாளுக்கு விசா கேட்பதில்லை. இந்தச் சலுகைகள் எல்லாம் தேதி போட்டவை, டிக்கெட் எடுக்கும் அன்றைக்கு அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் மறுபடி பார்த்துக்கொள்.

மார்ச்சில் வீட்டில் இருந்து, இரண்டாவது சுற்றான ஐரோப்பாவுக்கு ஷெங்கன் விசாவை முடி. கோடைக்குப் போகிறவர்கள் ஏப்ரல், மே மாத விண்ணப்ப நேரங்களை நிரப்பிவிடுவார்கள். ஆளுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி தாக்கல். விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்னால் பெரிய தொகை ஒன்று கணக்கில் வந்து விழுந்திருந்தால் கடன் வாங்கிக் காட்டுகிறார்கள் என்று நினைப்பார்கள். பயணப் பணத்தை இந்த மாதத்திலிருந்தே அந்தக் கணக்கில் சேர்க்கத் தொடங்கு. ஆபீஸிலிருந்து லீவு அனுமதிக் கடிதத்தில் திரும்பி வேலைக்குச் சேரும் தேதி இருக்க வேண்டும். விசா மறுப்புக்குப் பெரிய காரணமே, இவர்கள் திரும்பிப் போவார்களா என்ற சந்தேகம்தான். நீ வேலையை விடாமல் லீவு வாங்கியது அதனாலேயே நல்ல முடிவு. விசா விண்ணப்பத்துக்குச் சென்னையில் நேரம் கிடைத்தால் நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையத்தில் ஏறி, காலையில் இறங்கி, வேலையை முடித்து அன்று ராத்திரியே திரும்பிவிடலாம். லாட்ஜ் செலவு இல்லை.

விசா கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அதில் மல்டிபிள் என்ட்ரி என்று இருக்கிறதா என்று. ஷெங்கன் நாடுகளில் தங்கவிடும் 90 நாள் கணக்கு பலருக்குக் குழப்பம். எந்தத் தேதியில் நின்று பின்னால் 180 நாள் எண்ணினாலும், அதில் 90 நாளுக்கு மேல் நீ உள்ளே இருந்திருக்கக் கூடாது. நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் கணக்கில் சேரும். பலமுறை நுழைய அனுமதி இருந்தால் நடுவில் போஸ்னியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா என்று வெளியே வந்து இருக்கலாம். அந்த விசாவைக் காட்டினாலே அவர்கள் குறுகிய காலத்துக்கு விடுகிறார்கள், செலவும் கம்மி, 90 நாளும் கரையாது. பழைய பயணக் குறிப்புகளில் இதற்குக் குரோஷியா, ருமேனியா, பல்கேரியா என்று போட்டிருப்பார்கள். குரோஷியா 2023 ஜனவரியிலும் மற்ற இரண்டும் 2025 ஜனவரியிலும் முழுமையாக ஷெங்கனுக்குள் வந்துவிட்டன. 2025 அக்டோபரில் தொடங்கிய புது முறையில், எல்லையில் வருகையைப் பதிந்து கம்ப்யூட்டரே நாளை எண்ணுகிறது. ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும்.

ஐரோப்பாவுக்கு நேராகப் போகாமல் மத்திய ஆசியா வழியாகப் போனால் மனசும் பர்ஸும் நிறையும். கஜகஸ்தான் நமக்கு 14 நாள் விசா இல்லாமல் விடுகிறது, உஸ்பெகிஸ்தான் இ-விசா 20 டாலர். தூர ரயில்களில் படுக்கை வசதி உண்டு, ராத்திரிப் பயணம் ஒரு நாள் அறை வாடகையை மிச்சப்படுத்தும். ஆனால் அடுத்தடுத்து இரண்டு ராத்திரி அப்படிப் போகாதே. மூன்றாம் நாள் உடம்பு படுத்தால் மிச்சம் பிடித்தது மருந்துக்குப் போய்விடும்.

மூன்றாவது சுற்று ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும். இங்கேதான் பசிபிக் கடல் நமக்குச் சுவராக நிற்கிறது. அமெரிக்காவில் விமானம் மாற இறங்கினாலே விசா வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வழியாகச் சிலிக்குப் போனாலும் டிரான்சிட் விசா. அதனால் அட்லாண்டிக்கைத் தாண்டு. அடிஸ் அபாபாவிலிருந்தும் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் சாவ் பாலோவுக்கு நேரடி விமானம் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் கிழக்கு ஆப்பிரிக்கா மழையில்லாமல் இருக்கும், மார்ச்சில் பெருமழை தொடங்குமுன் கிளம்பிவிடு. கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து 100 டாலரில் 90 நாள் கூட்டு விசா இருக்கிறது. மார்ச்சில் அர்ஜென்டினா, சிலி. பிறகு வடக்கே ஏறினால் மே மாதம் ஆண்டிஸ் மலையில் மழை ஓய்ந்து வெயில் காலம் தொடங்கியிருக்கும்.

இந்தச் சுற்றுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். அரசு அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டும்தான் போடுவார்கள், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் ஒன்று. போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். முட்டை அலர்ஜி இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கென்யா, பிரேசில், பொலிவியா போய்விட்டு சான்றிதழான இந்த மஞ்சள் புத்தகம் இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பின் அடித்து வைக்காதே, நீர் படாத உறையில் தனியாக வை.

நாய்க்கடி ஊசியையும் விட்டுவிடாதே. 1907-ல் நம் ஊர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கியதே ரேபிஸ் என்ற அந்த வெறிநாய்க்கடி நோய்க்காகத்தான், நீ சிம்ஸ் பார்க் போகும்போதெல்லாம் பார்த்த கட்டடம். கடிபடுவதற்கு முன்பே, இன்று ஒன்று, ஏழு நாள் கழித்து ஒன்று என்று இரண்டு ஊசி போட்டுக்கொண்டால், கடிபட்ட பிறகு காயத்தில் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. சின்ன ஊர்களிலும் தீவுகளிலும் அது கிடைப்பது கஷ்டம். போட்டிருந்தாலும் கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, கடிபட்டபின் போட வேண்டிய ஊசிகளுக்கு உடனே போக வேண்டும்.

மலையில் வளர்ந்தவள்தானே என்று உயரத்தை அலட்சியம் பண்ணாதே. குன்னூர் 1,850 மீட்டர், ஊட்டியே 2,240 தான். பெருவின் குஸ்கோ 3,400, பொலிவியாவின் லா பாஸ் 3,640, அதன் விமான நிலையம் 4,060. உடம்புக்கு வந்த பழக்கம் கீழே இறங்கிச் சில வாரத்திலேயே போய்விடும், நீ பெங்களூரில் இருப்பவள். கடலோர லிமாவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரச் சொச்சத்தில் குஸ்கோவில் இறங்குகிறவர்கள்தான் தலைவலியும் வாந்தியுமாக இரண்டு நாள் படுக்கிறார்கள். இறங்கிய உடனே வேன் பிடித்து 2,790 மீட்டரில் இருக்கும் ஒல்லாந்தாய்தாம்போவுக்குப் போய் இரண்டு மூன்று ராத்திரி தூங்கிவிட்டு ஏறி வா. 3,000 மீட்டருக்கு மேல், படுக்கிற இடம் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. உயரம் ஒத்துக்கொள்ள உதவும் அசிட்டசோலமைடு மாத்திரை 125 மில்லிகிராம் காலை, இரவு, ஏறுவதற்கு முதல் நாளிலிருந்து. டாக்டரிடம் கேட்டுவிட்டு, சல்ஃபா வகை மருந்து ஒவ்வாமை இல்லை என்று உறுதி செய்துகொண்டு மட்டும். நடக்கத் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காத்திருக்காதே, ராத்திரியானாலும் கீழே இறங்கு.

பை விஷயம். ஆளுக்கு 40 லிட்டர் பை, நிரப்பினால் ஏழு கிலோ. ஆசியாவின் பல மலிவு விமானங்களில் கைப்பைக்கு ஏழு கிலோதான், கவுன்டரில் அதிகப்படிக்குக் கட்டும் பணம் சில சமயம் டிக்கெட்டையே தொட்டுவிடும். துணியை இங்கே வந்து சோதித்துப் பார். ஐப்பசி அடைமழையில் நம் வீட்டுக்குள் கட்டிய கொடியில் ராத்திரி போட்டுக் காலையில் காய்கிற துணி உலகத்தில் எங்கேயும் காயும். துவைத்துப் பிழிந்தபின், காய்ந்த துண்டின்மேல் விரித்து, துண்டோடு சேர்த்துச் சுருட்டி, அதன்மேல் ஏறி நின்று மிதி. பிறகு கொடியில் போடு. காலையில் முதுகுப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்து ஏமாறாதே. இடுப்புப் பட்டி, பாக்கெட் உள்துணி, கக்கத்துத் தையல் மூன்றையும் கன்னத்தில் வைத்துப் பார். அங்கே ஈரம் இருந்தால் அந்தத் துணி பைக்குள் ஒரே நாளில் நாறும். உன் காட்டன் சுடிதார்கள் இதில் தேறாது, ஜீன்ஸ் பேச்சே வேண்டாம். கெட்டியான ஸ்வெட்டருக்குப் பதில் தெர்மல், ஃபிளீஸ், காற்றும் மழையும் புகாத மேல்கோட்டு என்று மூன்று அடுக்கு. டிசம்பரில் வந்தால் உறைபனி விழும் காலையில் ஊட்டி பக்கத்துத் தலைக்குந்தாவில் அரை மணி நேரம் நின்று பார்த்தாலே போதுமா இல்லையா என்று தெரிந்துவிடும்.

சமையல் சாமான் எடுத்துப்போகத்தான் போகிறாய், நான் வேண்டாம் என்றாலும். கடையில் சீல் பண்ணிய ரசப்பொடி, சாம்பார்பொடி, பெருங்காயம் போதும். குருமா மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று பாக்கெட்டைத் திருப்பிப் படி. கோவையிலிருந்து விமானம் போகிற சிங்கப்பூரிலும் சார்ஜாவிலும் அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. கோடீன் கலந்த இருமல் மருந்தும் அப்படித்தான். எந்த மாத்திரைக்கும் மருந்தின் பெயர் எழுதிய டாக்டர் சீட்டு வேண்டும். அர்ஜென்டினாவிலிருந்து சிலிக்குப் பஸ்ஸில் தாண்டும்போது பையில் ஓர் ஆப்பிளோ, கடுகோ, தேனோ இருந்தால் படிவத்தில் எழுதிவிடு. எழுதினால் அதிகம் போனால் எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம். ஹாஸ்டல் சமையலறையில் குக்கர் இருக்காது, மைக்ரோவேவ் இருக்கும்: ஒரு கப் அரிசிக்கு இரண்டு கப் தண்ணீர், பொங்கி வழியாத பெரிய பாத்திரம், மூடாமல் பத்து நிமிஷம் முழுச் சூட்டில், மூடி ஐந்து நிமிஷம் பாதிச் சூட்டில், பிறகு திறக்காமல் ஐந்து நிமிஷம்.

பணத்துக்கு இரண்டு பேங்க் கார்டு, இரண்டும் வேறு வேறு நெட்வொர்க், வேறு வேறு பையில். வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் நீயே திறந்துவைக்க வேண்டும், தானாகத் திறந்திருக்காது. தாய்லாந்து ஏடிஎம்களில் ஒவ்வொரு தடவைக்கும் 220 பாட்டாவது பிடிக்கிறார்கள், அதனால் சின்னச் சின்னதாக எடுக்காதே. திரையில் "ரூபாயில் கழிக்கட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல், அந்த ஊர்ப் பணத்தையே அழுத்து. ரூபாய் என்றால் அவர்கள் வைத்த ரேட். ஓடிபி வருகிற இந்திய சிம்மை எங்களிடம் விட்டுப் போகலாம் என்று நினைக்காதே. லா பாஸ் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். நீ பஸ் டிக்கெட் எடுக்கும் நேரத்தில் நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம். இந்திய எண்ணை நிஜ சிம்மாகவே வைத்துக்கொள், வெளிநாட்டு டேட்டாவை இ-சிம்மில் போடு. போன் உடைந்தால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போடலாம், இ-சிம்மை அங்கிருந்து மாற்றுவது பெரும்பாடு.

பயணக் காப்பீட்டை இந்தியாவில் இருக்கும்போதே எடுக்க வேண்டும். பல பாலிசிகள் ஒரு பயணத்துக்கு 180 நாளோடு நின்றுவிடும், மூன்று சுற்றாகப் பிரிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மலையேற்றத்துக்கு எத்தனை மீட்டர் வரை என்ற வரியைத் தேடிப் படி. வாடகை ஸ்கூட்டர் விஷயத்தில் மாப்பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்: ஆர்டிஓவில் 1,000 ரூபாய் கட்டி வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 உலகச் சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி தருவது. வியட்நாம் 1968 ஒப்பந்தத்து அனுமதியைத்தான் ஏற்கிறது. நம் அனுமதியோடு அங்கே ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்கு, விழுந்து கால் உடைந்தால் காப்பீட்டில் ஒரு பைசா வராது.

விமானத்தில் இரண்டு கண்ணி உண்டு. ஒன்று, ஒற்றை வழி டிக்கெட்டோடு போனால் இங்கே கவுன்டரிலேயே திரும்பும் டிக்கெட் கேட்பார்கள். அந்த நாடு உன்னைத் திருப்பி அனுப்பினால் செலவு விமானக் கம்பெனி தலையில் விழும் என்பதால் விடமாட்டார்கள். எல்லை தாண்டும் பஸ் டிக்கெட்டோ, முழுப் பணமும் திரும்பும் விமான டிக்கெட்டோ கையில் இருக்கட்டும். இரண்டு, மலிவாக இருக்கிறதென்று சிங்கப்பூர் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து தனியாக இன்னொன்று என்று எடுக்காதே. செக்-இன் பெட்டியை எடுத்து மறுபடி போட வெளியே போக வேண்டும், வெளியே போக விசா வேண்டும். பெங்களூரில் விமானம் பிடிப்பதானால் முதுமலை, பண்டிப்பூர் சாலை ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை அடைப்பு என்பது நினைவிருக்கட்டும். கோவையானாலும் ஐப்பசி, கார்த்திகையில் பர்லியார் பாதையில் மண் சரியலாம், முதல் நாளே கீழே இறங்கிவிடு. இல்லையென்றால் கோத்தகிரி வழி.

இப்போதைக்கு செய்ய வேண்டியது பாஸ்போர்ட். உன்னுடையதில் பக்கங்கள் குறைவு, புதுப்பிக்கும்போது 2,000 ரூபாய் கட்டி 60 பக்கப் புத்தகமாகக் கேள். நம் ஊர் வழக்கப்படி ஒற்றைப் பெயர் மட்டும் போட்டு, குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறது. பல இ-விசாப் படிவங்கள் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் நகராது. 2022 நவம்பரிலிருந்து அமீரகம் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சுற்றுலா விசாவில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது. அப்பா பெயரையே குடும்பப் பெயராகச் சேர்த்து எழுது. டிக்கெட், விசா, மஞ்சள் புத்தகம், கார்டு எல்லாவற்றிலும் அதே எழுத்து, அதே வரிசை இருக்கட்டும். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதே. முந்தைய விசாக்கள் அதில்தான் இருக்கின்றன, ஷெங்கன் விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். புதியது கைக்கு வந்ததும் தேதியைச் சொல், நாய்க்கடி ஊசி இரண்டும் எப்போது என்று குறித்து வைக்கிறேன். மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

அன்புடன்,
அம்மா